ஊர் பெயர் எழுதாத கதவுகள்

பழம்பொருள் வாங்கி விற்குமிடத்தைக் காயலான் கடை என்கிறோம். அப்படிச் சொல்லும்போது அச்சொல்லுக்குள் ஓர் ஊர் இருப்பதை நாம் நினைப்பதில்லை. தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தை ஒட்டிப் பழையகாயல் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தெற்கே காயல்பட்டினம். காயல்பட்டினத்து வணிகர்கள் கப்பல் சாமான்களையும் பழைய இரும்பையும் வாங்கி விற்றதால் வந்த பெயர் இது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் துறைமுகம் பழையகாயலே என்று கால்டுவெல் தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் (1881) வாதிட்டார். அங்கே மண்ணைக் கிளறியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்ததையும் அவர் பதிந்திருக்கிறார். அரபுக் குதிரைகள் இறங்கிய துறை மணல் மூடிப் போயிற்று. இன்று தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் அதன் பெயர் ஒலிக்கிறது, உடைந்த வாளிக்கும் துருப்பிடித்த சன்னல் கம்பிக்கும் விலை பேசும் இடத்தில்.

சென்ற ஆண்டு ஐப்பசி விடுமுறையில் நாங்கள் மூவர் காரைக்குடிக்குப் போனது இப்படியொரு கடையைத் தேடித்தான். எங்களோடு பிறந்த தமையனார் ஒருவர். எங்கள் வீட்டு மரவேலைகளை இருபது ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஆசாரி ஒருவர். தேடிப் போன பொருள் ஒரு கதவு.

கதவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வீரவநல்லூருக்குப் பக்கத்தில், ஆற்றுக்கால் ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் பாட்டனார் கட்டிய வீடு இருந்தது. திண்ணை, தார்சா, பட்டாசாலை, இரண்டாம் கட்டு, அங்கணம், பின்னால் தொழுவம் என்று தெருவிலிருந்து வாய்க்கால் வரை நீண்ட வீடு. 2011-ல் அதை விற்றோம். ஒன்பது கையெழுத்து தேவைப்பட்டது. அவற்றுள் எங்களுடையதும் ஒன்று. மனையை வாங்கியவருக்கு வீடு வேண்டியிருக்கவில்லை. மரத்தை மட்டும் தனியாக விலை பேசினார்கள். உத்தரத்தையும் கைமரத்தையும் கன அடிக் கணக்கில் அளந்தார்கள். தலைவாசல் நிலையையும் கதவையும் அளக்கவில்லை. 'மொத்தமாக ஒரு விலை' என்றார் வந்தவர். எங்களில் எவரும் ஒரு புகைப்படம் எடுத்து வைக்கவில்லை. பழைய கல்யாண ஆல்பங்களில் தேடியபோது எல்லாப் படத்திலும் மனிதர்களே கதவை மறைத்துக்கொண்டு நின்றார்கள். காரைக்குடிக்குப் போயிருக்கும் என்று அப்போது யாரோ சொன்னது மட்டும் நினைவில் நின்றது.

நெல்லையிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி. பழம்பொருள் கடைகள் முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கின்றன. முன்னால் நின்று பார்த்தால் பெட்டிக்கடை அளவில் தெரியும் சில கடைகள் உள்ளே போகப் போக விரிகின்றன. நாங்கள் அதிக நேரம் இருந்த கடையின் பின்கட்டும் அதையடுத்த கொட்டகையும் மட்டுமே ஒரு சிறு கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தன.

முன்பகுதியில் சில்லறைச் சாமான்கள். சுவீடன் முத்திரையும் செக்கோஸ்லோவாக்கியா முத்திரையும் பொறித்த எனாமல் தூக்குகள், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடிகள், மரக்கால், உழக்கு, கணக்கர்கள் முன்னால் வைத்துக்கொள்ளும் சாய்வுப் பெட்டிகள், ரவிவர்மா அச்சகத்து லட்சுமியும் சரஸ்வதியும். அவற்றுக்கிடையே சட்டமிட்ட குடும்பப் புகைப்படங்கள் அடுக்கியிருந்தன. தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், மடியில் குழந்தை, பக்கத்தில் நின்றபடி ஒரு பெண்மணி. விலை சட்டத்துக்குத்தான் என்றார் கடைக்காரர். 'படம் வேண்டாம்னா எடுத்துட்டுத் தர்றோம்.'

பித்தளைப் பாத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. குடமோ தாம்பாளமோ எதுவாயினும் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறது. முன்னெழுத்து, பெயர், சிலவற்றில் ஊரும். பெண்ணுக்குச் சீராகப் போகும் பாத்திரம் பங்காளிச் சமையலில் கலந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையில் வெட்டிய பெயர், உடையவர் மறைந்து பாத்திரம் சந்தைக்கு வந்தபின்னும் அழியாமல் இருக்கிறது. கொட்டகையில் அடுக்கிய மங்களூர் ஓடுகளும் அப்படியே. பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து அச்சிலேயே ஆலையின் பெயரும் ஊரும் விழுந்துவிடும். உடைந்த ஓட்டுக்கும் முகவரி உண்டு. கதவுக்கு இல்லை. கதவு வீட்டை விட்டு வெளியே போகும் என்று அதைச் செய்தவரும் செய்வித்தவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பின்கட்டில் கதவுகள். எத்தனை என்று எண்ணவில்லை; சுவரோரமாக நூலகத்துப் புத்தகங்கள்போல் நிறுத்திச் சாத்தியிருந்தார்கள். ஒன்றைப் பார்க்க மூன்றை நகர்த்த வேண்டும். நிலைகள் தனியே, சூரியப் பலகைகள் தனியே, போதிகைகள் தனியே. ஒரு வீட்டின் நிலை ஒரு மூலையிலும் அதன் கதவு இன்னொரு மூலையிலும் இருக்கலாம். வாங்குபவர் பொருத்தம் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார். 'எல்லாம் வளவுக் கதவு சார்' என்று ஓர் அடுக்கைக் காட்டினார் பணியாள். எங்கள் ஆசாரி விழித்தார். நெல்லையில் வளவு என்றால் ஒரே வாசலுக்குள் நாலைந்து குடித்தனங்கள் இருக்கும் இடம். வாடகை வீடுகளின் நெரிசல் அந்தச் சொல்லில் கேட்கும். செட்டிநாட்டில் வளவு என்பது ஒரே குடும்பத்தின் முற்றமும் அதைச் சூழ்ந்த அறைகளும். ஒரே சொல் இருநூறு கிலோமீட்டரில் ஏழையிலிருந்து செல்வர் ஆகிவிடுகிறது.

ஆசாரி எங்களைப்போல் சிற்பத்தைப் பார்க்கவில்லை. கதவின் அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். நூறாண்டானாலும் தேக்கைச் சீவினால் எண்ணெய் மணம் வரும் என்றார். ரேகை நெருக்கமாக, கணுவின்றி நேராக ஓடினால் அது பர்மா. 'நம்ம மலைத் தேக்குக்கு இவ்வளவு நேரான ரேகை வராது சார்வாள். இது ரங்கூன் மரம். நம்ம வீட்டுக் கதவும் ரங்கூன்தான், உங்க தாத்தா சொல்லுவாவ.'

இந்த இடத்தில் சற்று நின்று அந்த மரம் வந்த வழியைச் சொல்லியாக வேண்டும். தேக்கைப் பச்சையாக வெட்டினால் நீரில் மிதக்காது. ஆகவே பர்மியக் காடுகளில் மரத்தின் அடியில் பட்டையைச் சுற்றிலும் வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிட்டார்கள். பிறகு சாய்த்து, யானைகளால் ஓடைக்கு இழுத்து, மழைவெள்ளத்தில் விட்டு, ஐராவதியில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு இறக்கினார்கள். மரம் காட்டிலிருந்து அறுப்பாலைக்கு வரவே சில ஆண்டுகள் ஆகிவிடும். அங்கிருந்து கப்பல். தென்பகுதிக்குத் துறை தூத்துக்குடி. 1876-ல் மணியாச்சி வழியே திருநெல்வேலிக்கு இருப்புப்பாதை வந்தது. 1904-ல் அது செங்கோட்டை கடந்து கொல்லத்தோடு இணைந்தது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் எல்லாம் அந்தப் பாதையில் நிலையங்கள். பனங்கையும் வேம்பும் பூவரசும் பலாவும் கொண்டு கட்டிய ஆற்றங்கரை வீடுகளுக்குள் ரங்கூன் தேக்கு நுழைந்தது இந்த வழியில்தான். கல்லிடைக்குறிச்சிப் பிராமணர்கள் ஊர் ஊராகப் பணம் கொடுத்து வாங்கும் லேவாதேவியில் பெயர் பெற்றிருந்தார்கள். நகரத்தார் பர்மாவில் கடை வைத்திருந்தார்கள். தேக்கு இவ்விரு ஊர்களின் தலைவாசலிலும் வட்டிப் பணத்தின் அடையாளமாக நின்றது. எங்கள் பாட்டனார் லேவாதேவிக்காரர் அல்லர். இரண்டு நல்ல விளைச்சலில் மிஞ்சியதைக் கதவில் போட்டதாகக் கேள்வி.

அந்தத் தேக்குக்குப் பின்னால் ஒரு கும்பினி இருந்தது. 1863-ல் தொடங்கிய பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். மேல்பர்மாக் காடுகளில் வெட்டிய மரக்கணக்கைக் குறைத்துக் காட்டியதாக மாண்டலே அரசு அதன்மேல் குற்றஞ்சாட்டி 1885-ல் ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்திற்கு விடையாகப் படை வந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே மாண்டலே வீழ்ந்து, மன்னர் திபா இரத்தினகிரிக்கு நாடுகடத்தப்பட்டார். போருக்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும் மரக்கணக்கு ஒரு முடியாட்சியை முடித்துவைத்தது என்றால் மிகையாகாது.

இது எங்கோ நடந்த கதை என்று நெல்லைக்காரர் எவரும் சொல்ல முடியாது. கடன்சுமையிலிருந்த சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் தன் காட்டில் 8,374 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது இதே நிறுவனத்திற்குத்தான். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் அப்படிப் பிறந்தது. அத்தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளை முன்வைத்து 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலம் தடியடியில் கலைக்கப்பட்டபோது 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். 2024-ல் நிறுவனம் தோட்டத்தை மூடும் முடிவோடு தொழிலாளர்களை விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு வெளியேறச் சொன்னது. நான்கைந்து தலைமுறையாக மலையிலிருந்தவர்கள் கீழே இறங்க நேர்ந்தது. பாட்டனார் வீட்டுக் கதவைக் 'கலைப்பொருள்' என்று மட்டும் நினைத்து உருகிக்கொண்டிருந்த எங்களுக்கு, அது இத்தனை கணக்குகளின் ஊடே வந்து சேர்ந்த மரம் என்பது அந்தக் கொட்டகையில் நின்றபோதுதான் உறைத்தது. பர்மாக் காட்டில் அடுக்கி, ரங்கூனில் அறுத்து, தூத்துக்குடியில் இறக்கி விற்ற சரக்கு, நூறாண்டு ஒரு வாசலில் நின்று இளைப்பாறிவிட்டு, மறுபடியும் சரக்காகிக் காரைக்குடியில் அடுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வாசல் பெங்களூரில் ஓர் உணவு விடுதியாக இருக்கலாம். இதில் கண்டிக்க என்ன இருக்கிறது என்று தமையனார் கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

இந்தக் கடைக்காரர்களைக் கொள்ளையர் என்று எழுதுவது எளிது. நாங்களும் முன்பு அப்படிப் பேசியதுண்டு. அவர்கள் வாங்காவிட்டால் அந்த மரம் செங்கல் சூளைக்கு விறகாகப் போயிருக்கும். செட்டிநாட்டின் ஊர்கள் சிலவற்றிலுள்ள பெருவீடுகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆயினும் பங்காளிகள் பெருகி, ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது உரிமையாளர் ஆனபிறகு, ஓடு மாற்றச் சேராத சம்மதம் இடித்து விற்கச் சேர்ந்துவிடுகிறது. எங்கள் ஒன்பது கையெழுத்தும் அப்படிச் சேர்ந்தவைதாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அங்கே தூண் தூணாகவும் கதவு கதவாகவும் நிற்கிறது, எந்த வட்டாரத்திலிருந்து வந்தது என்ற குறிப்போடு. பெயர்த்தல் பாவமன்று. பெயர்க்கும்போது எழுதிவைக்காததுதான் குறை.

தமிழகத்தில் இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் செய்தான். கட்டி முடிந்து, இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை மறுபடியும் கல்லில் வெட்டப்பட்டன. செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய திருக்கோடிக்காவிலும் பழைய சாசனங்கள் இப்படிப் படியெடுத்துப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 'பழங்கல்படி' என்று அவற்றுக்கே பெயர் உண்டு. பழைய கல் போனாலும் பழைய கல்லின் சொல் போகவில்லை. படியெடுக்காமல் பிரித்த இடங்களில் என்ன ஆயிற்று என்பதற்கும் சான்று ஏராளம். பிற்காலத் திருப்பணிகளில் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் சொருகிய துண்டுக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் அறிவார்கள்: கொடையின் அளவு இருக்கும், கொடுத்தவர் பெயர் இருக்கும், எந்த ஊர்க் கோயிலுக்கு என்ற வரி மட்டும் உடைந்த பக்கத்தில் போயிருக்கும்.

நம் பள்ளத்தாக்கிலேயே இன்னும் அண்மைய சான்று ஒன்று இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராசர் 1982-ல் களவு போனார். உள்ளூரில் வழக்கு துப்பில்லாமல் முடிந்தது. 2001-ல் தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடம் அந்தத் திருமேனியை விலைக்கு வாங்கியிருந்தது தெரியவந்து, 2019 செப்டம்பரில், 37 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் ஊர் திரும்பினார். அடிலெய்டில் நிற்பவர் கல்லிடைக்குறிச்சிக்காரர்தாம் என்று நிறுவப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய நிழற்படத் தொகுப்பு உதவியது. ஒரு படம் இருந்தது. ஆகவே ஒரு முகவரி இருந்தது. களவுபோன தெய்வத்தையும் கையெழுத்திட்டு விற்ற கதவையும் ஒரு தட்டில் வைக்க முடியாதுதான். ஆனால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் விளக்கப் பகுதியைப் படித்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள், நூறாண்டுக்குக் குறையாதது என்றால், அதுவும் தொல்பொருள் என்றே அச்சட்டம் சொல்கிறது. உரிமம் பெறாமல் வணிகம் செய்யக் கூடாது, தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கதவு நூறாண்டுக்கு முந்தியதா என்பதை எதைக்கொண்டு சொல்வது? வீடு கட்டிய ஆண்டு தெரியவேண்டும். வீடு தெரிய ஊர் தெரியவேண்டும்.

இதைத்தான் கடைக்காரரிடம் கேட்டோம். ஐம்பதைத் தாண்டிய மனிதர், பொறுமைசாலி. நாங்கள் வாங்கப் போவதில்லை என்று தெரிந்தபின்னும் தேநீர் வரவழைத்தார். வாங்கிய ஊரைக் கதவின் பின்னால் ஒரு மூலையில் எழுதிவைத்தால் என்ன என்றோம். சிரித்தார்.

'எழுதுனா நாளைக்கு ஒரு பங்காளி வந்து நிப்பாருங்க. என்னைக் கேக்காம வித்துட்டான், எம்பங்கு கதவக் குடும்பாரு. கதவு தேடி வர்றவங்க உங்களப்போல தேநீர் குடிச்சிட்டுப் போறவங்களா மட்டும் இருக்கமாட்டாங்க.'

எங்களிடம் மறுமொழி இல்லை. ஊர்ப்பெயர் மறதியால் விடுபடுவதில்லை என்பதும், அது விடுபடுவதே இந்த வணிகத்தின் பாதுகாப்பு என்பதும் அதுவரை எங்களுக்குத் தோன்றியதில்லை. வந்த லாரி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதுகூட மூன்றாம் கை மாறும்போது மறைந்துவிடுகிறது. நெல்லைக் கதவும் புதுக்கோட்டைக் கதவும் இங்கே வந்தபின் 'செட்டிநாட்டுக் கதவு' ஆகிவிடுகின்றன. அந்தப் பெயருக்குத்தான் விலை.

மாலை நான்கு மணிக்கு ஆசாரி கொட்டகையின் கோடியிலிருந்து குரல் கொடுத்தார். ஆறேழு கதவுகளுக்குப் பின்னால் ஒரு நிலை சாய்ந்திருந்தது. கஜலட்சுமி இல்லை, நடுவில் ஒரு தாமரை, இருபக்கமும் கொடியோட்டம், கொடியின் முனையில் கிளி. எங்கள் வீட்டு நிலையிலும் கிளி உண்டு. தமையனார் குந்தி உட்கார்ந்து கைக்குட்டையால் தூசி துடைத்தார். ஆசாரி பார்த்தது பொருத்துவாய்களை. மேல்சட்டமும் கால்சட்டமும் சேருமிடத்தில், வெளியே தெரியாத பக்கத்தில், உளியால் கீறிய குறிகள்: ஒரு பக்கம் க, மறுபக்கம் உ. செய்தவர் சேர்மானம் தவறாமலிருக்க இட்ட தமிழ் எண்கள். அதற்குப் பக்கத்திலேயே பிரித்தவர் எழுதிய நீலச் சாயத்து எண்: 14. 'தெக்கத்தி வேலைதான்' என்றார் ஆசாரி. 'ஆத்தங்கரை வேலைன்னும் சொல்லலாம். ஆனா நம்ம வீடுன்னு சொல்ல மாட்டேன். நம்ம கிளிக்கு மூக்கு ஒடஞ்சிருக்கும்லா?'

மூக்கு உடைந்திருந்ததா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தமையனார் உடைந்திருந்தது என்றார். நாங்கள் சிறுவயதில் அந்தக் கிளியைத் தொட்டுப் பார்க்கத் திண்ணைமேல் ஏறியது நினைவிருக்கிறது, மூக்கு நினைவில்லை. கடைக்காரர் அனுமதியோடு அந்த நிலையை முன்னும் பின்னும் நாலைந்து படங்கள் எடுத்துக்கொண்டோம். யாருடைய வீட்டினதோ.

ஊர் திரும்பிய மறுவாரம் பாளையங்கோட்டையில் இருக்கும் பெரிய அத்தையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனோம். எண்பத்தாறு வயது. அந்த வீட்டில் பிறந்து, அந்த நிலையைத் தாண்டி மணப்பெண்ணாக வெளியே வந்தவர். கதவைச் சொல்லுங்கள் என்றோம். கண்ணை மூடிக்கொண்டு கீழிருந்து தொடங்கினார். படி கருங்கல், நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும், மழை பெய்தால் அதில் நீர் நிற்கும். குடுமிக்கு எண்ணெய் விடுவது வெள்ளிக்கிழமை. இடது கதவில் மட்டும் தாழ்ப்பாள். நாதாங்கி பெரியது, திருடன் வந்தால் அதுவே சத்தம் போடும். தாமரைக்கு எட்டு இதழ். அடுத்த அறையிலிருந்து சின்ன அத்தை குறுக்கிட்டார்: 'பன்னெண்டு.' இருவரும் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் எழுதிக்கொண்டோம். கிளிக்கு மூக்கு உடைந்திருந்ததா என்று கேட்டதற்கு, 'எந்தக் கிளி? வலப்பக்கத்தா இடப்பக்கத்தா?' என்றார் பெரிய அத்தை.